கன்னையாவின் மாங்காய் ஜேபிஜி ஆனது

கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் எரிகிறது. இனி வருவதில் ஒரு கால், ஒரு கொம்பு, ஒரு புள்ளி நானாகச் சேர்த்தது கிடையாது. நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அப்படிக் கேட்டவர் யாரும் இதுவரை திரும்பி வந்து என்னிடம் சண்டை போட்டதில்லை.

விஜயபுரத்துக் கன்னையா எனக்கு மருமகன் முறை. அவனுக்கு மாந்தோப்பு, முழுக்க நுனி வளைந்த கிளிமூக்கு ரகம். தோப்பின் கடைசி வரப்புதான் ஆந்திராவுக்கும் கடைசி வரப்பு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் தமிழ்நாடு. அவன் வீட்டுக் கோழி முட்டையை இந்தப் பக்கம் இட்டுவிட்டு, கொக்கரிப்பதற்கு அந்தப் பக்கம் போகும். முட்டை எந்த மாநிலம் என்று யாரும் கேட்டதில்லை. மாங்காயைத்தான் கேட்டார்கள்.

அந்த வருஷம் காய்ப்பு அப்படி. கிளைக்கு முட்டுக் கொடுக்க மூங்கில் தீர்ந்துபோய், கூலிக்கு வந்த ஆட்கள் கிளையைத் தோளில் தாங்கியபடி நின்றுகொண்டே சோறு தின்றார்கள். காய் மிகுந்துபோனதும் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிகளின் முன்னால் வண்டிகள் வரிசை கட்டின. ஜூஸ் ஃபேக்டரி என்று நாங்கள் சொல்வது மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைக்கிற இடம். கன்னையா காய் போடுகிற ஃபேக்டரியில் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்) புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். பக்கத்து மாநிலத்துக் காய் உள்ளே வரக் கூடாது. சொந்தக் காய்தான் என்று காட்ட, பறிப்பதற்கு முன்னாலேயே மரத்தடியில் விவசாயியை நிறுத்தி, மரம் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். எடுத்த இடமும் நேரமும் போட்டோவுக்குள்ளேயே பதிந்திருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொள்ளும். போட்டோ கம்ப்யூட்டரில் ஏறினால் கேட் திறக்கும். ஏறாவிட்டால் திறக்காது.

கன்னையா சொன்னபடி செய்தான். அவன் மரத்தடியில் நின்றான், அவன் பெண்சாதி சென்னம்மா போட்டோ எடுத்தாள். போன், மகன் கிரண்குமார் பெங்களூரிலிருந்து அனுப்பியது. விலை கூடின போன். சென்னம்மா முகத்தைக் கண்டால் மட்டும் திறக்கும். கன்னையா எட்டிப் பார்த்தால் இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும்.

பிறகு காயைப் பறித்து, லாரியில் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, சித்தூர் வரிசையில் போய் நின்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன். வேலையில்லாதவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது கன்னையாவின் நம்பிக்கை.

ஃபேக்டரி கேட்டில் பவன்குமார் என்று ஒரு பையன் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“அண்ணா, இதி ஓப்பன் காலேதண்டி.”

“இன்னா நைனா, தொறக்கலன்றே? என் வூட்டுக்காரி போன்ல பளிச்சுனு தொறக்குதே.”

“அக்காவோட போன்ல தொறக்கும். எங்க சிஸ்டம்ல தொறக்காது. இது எச்இஐசி. எங்களுக்கு ஜேபிஜி வேணும். இருநூறு கேபிக்கு உள்ள.”

“ஜேபிஜின்னா இன்னா?”

“ஃபார்மட்.”

“அப்ப இது?”

“இதுவும் ஃபார்மட்தான். வேற ஃபார்மட்.”

கன்னையா தலைத்துண்டை உதறிக் கட்டினான். “சரி வுடு, இன்னொருதரம் எடுத்துக்கினு வந்துடறேன்.”

“மரத்துல காய் கீதா அண்ணா?”

கன்னையா திரும்பி லாரியைப் பார்த்தான். மரத்தில் இருந்ததெல்லாம் அதற்குள் இருந்தது.

“சாயங்காலம் உங்க நெம்பர் வந்துடும்,” என்றான் பவன்குமார். “அப்ப அப்லோட் ஆகியிருக்கணும். லேதண்டே வரிசைல கடைசிக்குப் போயிடணும்.”

கடைசி என்றால் எது என்று யாருக்கும் தெரியாது. வரிசை பைபாஸைத் தாண்டி, காணிப்பாக்கம் ரோட்டில் திரும்பி, கண்ணுக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசி லாரியில் இருக்கிற காய் இன்னும் பூவாகத்தான் இருக்கிறதென்று ஒரு பேச்சு அடிபட்டது. கன்னையாவின் காயோ அப்படிக் காத்திருக்கிற காய் இல்லை. மே மாசத்து வெயில், மூடின தார்ப்பாய். கடைசிக்குப் போனால் அது கூழாக ஃபேக்டரிக்குள் ஓடாது, ரோட்டில் ஓடும். அந்தக் குடும்பம் வருஷம் முழுக்கப் பட்ட பாடு அந்த லாரிக்குள் வெந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் சென்னம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். போனைத் திறந்து காட்டினாள்.

“மாமா, நான் எடுக்கச்சொல்ல காய் பச்சப்பசேல்னு தானே இருந்துச்சு?”

“ஆமா.”

“இப்பப் பாரு.”

பார்த்தேன். படத்தில் இருந்த காய்களுக்குத் தோள்பட்டையில் மஞ்சள் ஏறியிருந்தது. லாரிக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். அதே மஞ்சள், அதே அளவு. விலை கூடின போனில் இதெல்லாம் இருக்கும் போலிருக்கிறது. நான் ஆச்சரியப்படவில்லை. கவலைதான் பட்டேன்.

சித்தூரில் கம்ப்யூட்டர் கடைக்கா பஞ்சம்? முதல் கடையில் கரண்ட் இல்லை. இரண்டாவது கடையில் கரண்ட் இருந்தது, கடைக்காரன் இல்லை. மூன்றாவது கடையில் இரண்டும் இருந்தன. வாசலில் எங்களைப் போலவே போனைப் பிடித்துக்கொண்டு இருந்த கூட்டம் தெருமுனை வரைக்கும் நின்றது. இன்னொரு கடையில் ஒருவன் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, ஒரு நொடியில் ஜேபிஜி ஆக்கிக் கொடுத்தான். ஓடிப்போய் பவன்குமாரிடம் காட்டினோம்.

“ஃபார்மட் பாகுந்தி,” என்றான். “லொகேஷன் லேதண்டி. வாட்ஸ்அப்ல போனா இடம், நேரம் எல்லாம் உதுந்துடும். இப்ப இது எந்த ஊர் மரம்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்,” என்றாள் சென்னம்மா.

“கம்ப்யூட்டருக்குத் தெரியாதக்கா.”

அதற்குள் படத்தில் மஞ்சள் இடுப்புக்கு இறங்கியிருந்தது.

திருப்பதியில் அலர்மேல் இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்துச் சந்தில் கடை. அப்பா பாஷ்யம் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறவர். இவள் வேலை கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் போட்டோ, பெருமாள் படத்துக்கு லேமினேஷன். போட்டோவில் எதை மாற்றினாலும் எது உதிர்கிறது, எது ஒட்டுகிறது என்று பார்த்துச் செய்கிறவள். போன் சென்னம்மா முகத்துக்குத்தான் திறக்கும் என்பதால் அவளும் வர வேண்டியதாயிற்று. கன்னையாவும் லாரி டிரைவர் முனியப்பனும் காய்க்குக் காவல்.

“சீக்கிரம் வந்துடு,” என்றான் கன்னையா.

“காயப் பாத்துக்க,” என்றாள் சென்னம்மா.

“நீ போட்டோவப் பாத்துக்க.”

இப்படி ஒரு புருஷன் பெண்சாதி பேச்சை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பஸ் கிளம்பி பூதலப்பட்டு தாண்டுவதற்குள் சென்னம்மா போனை எத்தனை தடவை திறந்தாள் என்று சொல்ல முடியாது. திறப்பாள், பார்ப்பாள், பைக்குள் வைப்பாள், ஜிப்பை இழுக்கப் போவாள், மறுபடியும் திறப்பாள். வழியில் கூட்டம் ஏறியது. பாகாலாவில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். சென்னம்மா ஜன்னல் வழியாக, “அண்ணா, டீய ஊதாத, அப்படியே குடி!” என்று கத்தினாள். அவர் அவளுக்காகவே இன்னொரு டீ சொன்னார், தனக்கு.

பஸ்ஸுக்குள் மாம்பழ வாசனை எழுந்தது. முதலில் எங்கள் சீட்டில் மட்டும். பிறகு பஸ் முழுக்க. ஈக்கள் ஜன்னலுக்கு வெளியே கூடவே பறந்து வந்தன. கண்டக்டர் வந்து நின்றார்.

“பெத்தாயனா, பழக்கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கணும்.”

“கூடை இல்லப்பா.”

“வாசனை வருதே.”

“போன்ல இருந்து வருது.”

கண்டக்டர் சென்னம்மா பையை வாங்கி மூக்கின் பக்கம் கொண்டுபோனார். திருப்பிக் கொடுத்தார். அரை லக்கேஜ் போட்டார். நியாயமான மனிதர்.

சந்திரகிரிக்கு வந்தபோது மஞ்சள் காயின் மூக்கு நுனி தவிர எல்லா இடமும் பரவிவிட்டது. என்னுடைய பட்டன் போனில் முனியப்பன் கூப்பிட்டான்.

“மாமா, முன்னால இருந்த வண்டிங்க ரெண்டு உள்ள போயிடுச்சு. வரிசை நகுந்துகினே கீது. எங்க கீறீங்க?”

“வந்துட்டோம் வந்துட்டோம்.”

“எங்க வந்துட்டீங்க?”

“பஸ்ல.”

அலர்மேல் கடைக்குள் நாங்கள் நுழைந்ததுமே மூக்கை உறிஞ்சினாள். “வாங்கோ மாமா. பழத்தை வெளியில வெச்சுட்டு வாங்கோ, எறும்பு வரும்.”

“பழம் இல்லம்மா, போட்டோ.”

“எச்இஐசியா?” என்று கேட்டாள். ஆமென்றேன். “அதானே பார்த்தேன். அது ஒண்ணையும் விடாம உள்ள வெச்சுக்கும். ஜேபிஜி அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் எடுத்துக் கீழ போட்டுடும். அதான் சின்னதா இருக்கு, எங்க போனாலும் தொறக்கறது.”

சென்னம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “எடுத்துப் போட்டா அது எங்கம்மா போவும்? எங்களுதாச்சே.”

“எங்கயும் போகாது. இல்லாம போயிடும்.”

“இல்லாம போறதுக்கா மருந்தடிச்சோம், தண்ணி கட்டனோம்?”

அலர்மேல் கையை நீட்டினாள். போனைக் கம்பியில் மாட்டினாள், படத்தைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தாள். இடமும் நேரமும் உதிராமல் ஒட்டியிருக்கும்படி என்னமோ ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். சின்னதாக இருந்தால் சீக்கிரம் ஏறும் என்று நன்றாக அமுக்கி, ஐம்பது கேபிக்குக் கொண்டுவந்து, ஃபேக்டரிக்கு அனுப்பினாள்.

அனுப்பிய கை எடுக்கவில்லை, என் போன் அலறியது. முனியப்பன்.

“மாமா! இன்னா பண்ணீங்க அங்க? காய்லாம் மைசூர்பாகு மாரி ஆயிடுச்சு!”

“எப்படி?”

“கட்டம் கட்டமா! மூல மூலயா! உருண்டையா ஒரு காய் கெடையாது. ஒண்ணுமேல ஒண்ணு செங்கல் மாரி அடுக்கிக்கினு, லோடு பாதிக்கு எறங்கிப்போச்சு. கன்னையாண்ணன் தலைல கை வெச்சிக்கினு குந்திக்கினு கீறாரு.”

அலர்மேல் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உண்மைதான். ஒவ்வொரு காயும் சதுரம். கன்னையா மூக்குகூட லேசாகச் சதுரம்.

“ரொம்ப அமுக்கிட்டேன்,” என்றாள்.

ஃபேக்டரியிலிருந்தும் பதில் வந்தது: தெளிவில்லை, ஏற்க முடியாது. அலர்மேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு துளிகூட விடாத ஃபார்மட் இன்னொன்று இருக்கிறது, பிஎன்ஜி, அதில் போட்டுப் பார்க்கலாம் என்று போட்டாள். கம்ப்யூட்டர் முக்கி முனகி மாற்றி முடித்தது. இருபது எம்பி. அனுப்பவே இல்லை, திரையில் வந்து நின்றவுடன் மறுபடி முனியப்பன்.

“மாமா, காய் உருண்டையாயிடுச்சு...”

“அப்பாடா.”

“...ஆனா டயரு பொதையுதே! ரோடு உள்வாங்குது மாமா! ஒரு காயத் தூக்க ரெண்டாள் வேணும் போல கீது. ஸ்பிரிங் பட்டை கீச்சு கீச்சுன்னு கத்துது. எத்தப் பண்ணாலும் சீக்கிரம் பண்ணுங்க, வண்டி எனுதில்ல, ஓனருது!”

அலர்மேல் சட்டென்று அதை மூடினாள். மறுபடியும் ஜேபிஜி. இந்தத் தடவை திரையில் படத்தை அமுக்குகிற கோட்டை ஒரே இழுவையில் இழுக்காமல், பிரசாதத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். நகர்த்த நகர்த்த முனியப்பன் போனில் சொல்லிக்கொண்டே வந்தான். “இன்னும் கனமா கீது... இன்னும்... ஆங், டயரு மேல வருது... காய் உருண்டைதான்... வுடு, வுடு, அங்கயே நிறுத்து!”

நூற்றுத் தொண்ணூறு கேபி.

ஆனால் இந்தக் கலவரத்தில் மஞ்சள் மூக்கு நுனிக்கும் வந்து, சில காய்களில் கறுப்புப் புள்ளி தட்டியிருந்தது. சென்னம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் பிசுபிசுத்தது. நான் அலர்மேல் காதருகே போய்ச் சொன்னேன்: “நிறத்தை மாத்தறதுக்கு ஒண்ணு இருக்குமே. கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளேன். நமக்கு ரெண்டு நாள் கிடைக்கும்.”

அலர்மேல் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“மாமா, நான் கோயில் வாசல்ல கடை வெச்சிருக்கேன். ஃபார்மட்டைத்தான் மாத்துவேன். மாங்காயை மாத்த மாட்டேன்.”

அனுப்பினாள். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வட்டம் சுற்றியது. சென்னம்மா வட்டத்தோடு சேர்ந்து தலையைச் சுற்றினாள். படம் திறந்தது என்று பதில் வந்தது. அவள் கை கூப்பினாள். உடனே கீழே சிவப்பு எழுத்தில் இன்னொரு பதில் வந்தது. அதைப் படிப்பதற்குள் பவன்குமாரே கூப்பிட்டுவிட்டான்.

“பெத்தாயனா, ஃபார்மட் ஓகே, சைஸ் ஓகே. லொகேஷன் தமிழ்நாடு காட்டுதே!”

“அது எப்படி? தோப்பு விஜயபுரத்துல இருக்கு.”

“மேப்புல திருவள்ளூர் ஜில்லான்னு வருது. எந்துகண்டி?”

நான் சென்னம்மாவைப் பார்த்தேன். சென்னம்மா அலர்மேலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“மரம் முழுசா வரணும்னு சொன்னாங்க மாமா,” என்றாள். “கிட்ட இருந்தா முழுசா வரல. அதான் பின்னாலயே போய்க்கினு இருந்தேன். மரம் வந்தா அவரு கால் வரல, கால் வந்தா மரம் வரல. வரப்புகூடத் தாண்டிட்டேன் போல.”

விஷயம் அவ்வளவுதான். கன்னையா ஆந்திராவில் நிற்க, மரம் ஆந்திராவில் நிற்க, போட்டோ எடுத்தவள் தமிழ்நாட்டில் நின்றிருக்கிறாள். எடுத்தவர் நிற்கிற இடத்தைத்தான் போன் பதிந்துகொள்ளும் என்று எந்தத் தோப்பில் யார் சொல்லித் தருகிறார்கள்? வேறு ஊரில் இருபதடி பின்னால் போனால் இருபதடிதான். எங்கள் ஊரில் அது அடுத்த மாநிலம்.

சென்னம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“ஏம்பா பவன்குமாரு, நான் தமிழ்நாட்ல நின்னேன், ஒத்துக்கறேன். மாங்கா எங்க நின்னுச்சு?”

“தெரியலக்கா.”

“நீ மாங்காயத் துன்னப் போறியா, என்னத் துன்னப் போறியா?”

“அக்கா, நான் ஏமி செய்யாலி? கம்ப்யூட்டர் ஒத்துக்கல.”

“அதுங்கிட்ட குடு, நான் பேசறேன்.”

“அது பேசாதக்கா.”

“அப்ப எப்படி வாணாம்னு சொல்லுச்சு?”

பவன்குமார் கேட் பக்கம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, “உங்களுக்கு முன்னால இன்னும் ஒரே வண்டிதான் இருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

சென்னம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போனாள், வந்தாள். படத்தில் இருந்த கன்னையா மரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் காலருகே படத்துக்குள்ளேயே ஒரு பழம் பொத்தென்று விழுந்ததை நாங்கள் மூவரும் பார்த்தோம்.

“அந்த இடத்தை அழிச்சுட்டு வேற இடம் எழுதலாமே,” என்றேன்.

“அது பொய் மாமா,” என்றாள் அலர்மேல். நகத்தைக் கடித்தாள். “ஆனா படத்தைத் திருப்பலாம்.”

“எப்படி?”

“கண்ணாடியில பார்க்கறா மாதிரி. இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம். மரம் நிக்கற பக்கம் இவாளுக்கு வந்துடும், இவா நின்ன பக்கம் மரத்துக்குப் போயிடும். கம்ப்யூட்டர், படம் எடுத்தவா எங்கன்னுதானே கேக்கறது? எடுத்தவா ஆந்திரா.”

“மரம் தமிழ்நாட்டுக்குப் போயிடுமேம்மா,” என்றாள் சென்னம்மா.

“அதை யாரும் கேக்கலையே.”

“திருப்பறது பொய் இல்லையா?” என்றேன்.

“பெருமாள் ஆரத்திக்கு முன்னால கண்ணாடி காட்டறோம். அது பொய்யா?”

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அலர்மேல் ஒரு பொத்தானை அழுத்தினாள். மரம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போனது. வரப்பும் போனது. கன்னையா இந்தக் கையால் பிடித்திருந்த கிளையை அந்தக் கையால் பிடித்தான். கிளிமூக்குக் காய்களின் மூக்கெல்லாம் இவ்வளவு நேரம் கிழக்கே வளைந்திருந்தவை மேற்கே வளைந்தன. அலர்மேல் கண்ணை மூடி, “கோவிந்தா” என்று சொல்லி அனுப்பினாள்.

வட்டம் சுற்றியது. சென்னம்மா இந்தத் தடவை தலையைச் சுற்றவில்லை, மூச்சையே விடவில்லை.

போன் அடித்தது. முனியப்பன்.

“கேட்டு தொறக்குது மாமா! தொறக்குது! ஆனா கன்னையாண்ணன் வண்டியச் சுத்திக்கினு அந்தப் பக்கமா போய் ஏறினு கீறாரு, ஏன்னு தெரியல. நான் வக்கிறேன், வண்டி எடுக்கணும்!”

சென்னம்மா அலர்மேலின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அலர்மேல், “மொதல்ல கையை அலம்புங்கோ, மாம்பழச்சாறு கீபோர்டுல ஒட்டறது,” என்றாள்.

திரும்பி வந்த பஸ் இன்னும் மெதுவாகப் போனது. கேட் திறந்தாயிற்றே தவிர, உள்ளே போன காயை எடுத்துக்கொண்டார்களா, கறுப்புப் புள்ளியைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களா என்று தெரியவில்லை. முனியப்பன் போன் எடுக்கவில்லை. கன்னையா போனும் எடுக்கவில்லை. சென்னம்மாவுக்குத் தன் போனைத் திறந்து பார்க்கப் பயம். மடியில் குப்புற வைத்து அதன் மேல் கையை வைத்திருந்தாள். அதே கண்டக்டர்தான். எங்கள் சீட்டருகே வந்து முகர்ந்து பார்த்தார்.

“இப்ப வாசனை லேதே?”

“தெரியலப்பா.”

“அப்ப லக்கேஜ் இல்லை,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு சென்னம்மாவுக்கு இன்னும் கிலி பிடித்துக்கொண்டது. வாசனை போய்விட்டது என்றால் காய் எங்கே போயிற்று? சந்திரகிரி, பாகாலா, பூதலப்பட்டு, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவள் எழுந்து நின்றாள், சித்தூர் வந்துவிட்டது போல.

ஃபேக்டரிக்கு ஓடினோம். லாரி வெளியே நின்றது. தார்ப்பாய் மடித்திருந்தது. உள்ளே நாலு இலையும் ஒரு காம்பும் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் கன்னையா டீ குடித்துக்கொண்டிருந்தான், இடது கையால்.

“எட்த்துகினாங்களா?” என்றாள் சென்னம்மா.

“மொத்தமும்.”

“புள்ளி இருந்துதே?”

“புள்ளியா? பழுத்தது நல்லதா போச்சுன்னு சொல்லி நேரா மிசினுக்கு அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் காய் மூக்கப் பாத்துட்டு, இது எக்ஸ்போர்ட் ரகமான்னு கேக்கறான். மூக்கு அந்தப் பக்கமா வளைஞ்சி கீதாம்.”

“அதெல்லாம் இருக்கட்டும். ஏன்யா நொட்டாங்கையால குடிக்கிற?”

கன்னையா டம்ளரைப் பார்த்தான். வலது கைக்கு மாற்றினான். டீ சட்டையில் கொட்டியது. மறுபடி இடது கைக்கே மாற்றினான். “தெரியல. சாயங்காலத்துல இருந்து இந்தக் கைதான் வருது.”

அதற்கப்புறம் அவன் நெஞ்சில் ஒரு தடவை டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, குழாயை வலது பக்கத்துக்கு மாற்றினார் என்பது தனி விஷயம். மரமும் சொன்னபடி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்து வி.ஏ.ஓ. வந்து அதற்கு நம்பர் போட்டுவிட்டுப் போனார். கன்னையா தினமும் வரப்பைத் தாண்டிப் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறான்.

சென்னம்மா அன்றைக்கு லாரி பக்கத்திலேயே நின்று போனைத் திறந்தாள். திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் தயங்கினாள். படத்தில் மரம் நின்றது, இலை நின்றது, கன்னையா நின்றான். கிளையில் ஒரு காய்கூட இல்லை.

“போயிடுச்சு மாமா,” என்றாள்.

போனைப் பைக்குள் வைத்து, அன்று முதல் தடவையாக ஜிப்பைக் கடைசி வரைக்கும் இழுத்தாள். கன்னையாவிடமிருந்து டீயை வாங்கி, ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தாள்.

கற்பூரம் அடித்த கை எரிகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விஜயபுரத்தில் கன்னையா பயிரிடுவது வேர்க்கடலை. அவன் நிலத்தில் மாமரம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.